திறப்புக்கோர்வை

புத்தளம் நகரை அடுத்த தில்லையடியில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் பழைய மேசைக் கணினியொன்று இருக்கின்றது. சில காலம் முன்புவரை அதன் விசைப்பலகைக்கு அருகே அட்டை கிழிந்த சீ.ஆர். கொப்பியொன்றும் கிடந்தது. கணினி பழுதானால் திருத்துவிக்கலாம். கொப்பி தொலைந்தாலோ ஒரு தெருவே தவித்துப்போகும் என்ற நிலை அங்கு நிலவியது. அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கடவுச்சொல் என மூன்று செய்திகள் ஆசிரியரின் சீரான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் அவருக்குரியவை நான்கு வரிகள் மாத்திரமே. எஞ்சியவை யாவும் அயலவர்களுக்குரியவை.

இக்கொப்பி உருவான வகையை அறிவதற்கு அவ்வூரின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு தம் ஊர்களை இழந்தனர். அவர்களுட் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். அகதி முகாம்களும் ஓலைக் குடிசைகளும் எழுந்த இடங்களுள் தில்லையடியும் ஒன்று. யாழ்ப்பாணம் சோனகதெருவில் வாழ்ந்தோருக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மாத்திரமே. அந்த அவகாசத்துள் காணி உறுதியை எடுத்தவரும் உளர். பிள்ளையை எடுத்துக்கொண்டு உறுதியை மறந்தவரும் உளர். அன்றிலிருந்து அம்மக்களின் வாழ்வில் பத்திரங்களைத் தேடுவதும் காப்பதும் ஓயாத வேலையாயின. போர்ச் சூழலால் தம் காணிகளுக்குச் செல்ல முடியாதிருந்தோரின் உரிமை, பிறரது நீண்டகால ஆட்சியால் அழிந்துபோகாதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தபோது, பழைய பத்திரங்களின் பெறுமதி மேலும் உயர்ந்தது.

எழுதப் படிக்கத் தெரிந்தவரும் பொறுமையுள்ளவருமான ஆசிரியரிடம் அயலவர் படிவங்களோடு வருவது முகாம் காலத்திலேயே தொடங்கிய வழக்கம். காலம் செல்லச் செல்லப் படிவங்களும் கடதாசியை விட்டுக் கணினிக்கு இடம்பெயர்ந்தன. பரீட்சை விண்ணப்பம், கடவுச்சீட்டு, வெளிநாட்டிலுள்ள கணவரின் வங்கிக் கணக்கு என எதைத் தொட்டாலும் மின்னஞ்சல் முகவரியொன்று வேண்டப்பட்டது. முகவரிக்குக் கடவுச்சொல் வேண்டப்பட்டது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஆசிரியரே அவற்றை உருவாக்கிக் கொடுத்தார். பெரும்பாலானோர், “நீங்களே வெச்சிருங்க சேர்” என்று சொல்லிப் போயினர். உறுதிகளை வருடிப் படமாக்கி அம்முகவரிகளில் இட்டுவைத்ததும் அவரே. இவ்வாறு நாற்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களின் திறப்புகள் ஒரு கொப்பிக்குள் வந்து சேர்ந்தன.

பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயிலும் அவருடைய மகள் விடுமுறைக்கு வந்திருந்த வேளையில் அக்கொப்பி காணாமற் போயிற்று. வீடெங்கும் தேடினர். மேசையின் லாச்சி, அலுமாரி, பழைய பத்திரிகைக் கட்டு ஆகிய எங்கும் அது கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, அயல்வீட்டுச் சிறுவனொருவன் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். பாடம் கேட்க வந்தவன் தன் கொப்பிகளோடு சேர்த்து அதையும் அள்ளிச் சென்றிருந்தான். பாடசாலைப் புத்தகப்பையுள் இரண்டு நாட்களாக அது ஊர்சுற்றி வந்திருந்தது. சிறுவனிடம் ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அம்மூன்று இரவுகளும் அவர் உறங்கவில்லை என்பதை வீட்டார் அறிவர். தம்முடைய நான்கு வரிகளுக்காக அவர் கலங்கவில்லை. பிறருடைய நம்பிக்கையைத் தொலைத்துவிட்டோமோ என்றே கலங்கினார்.

“வாப்பா, இது கொப்பி இல்ல, கதவில்லாத வீடு” என்றாள் மகள்.

மகளின் கூற்று நியாயமானதே. எனினும், கடவுச்சொற்களைத் திறந்த ஏட்டில் வைத்திருந்த குற்றம் தில்லையடி ஆசிரியருக்கு மாத்திரம் உரியதன்று. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் குழுவினரும் 1961இல் செயற்படுத்திக் காட்டினர். ஒருவர் கோப்பை மற்றொருவர் காணாதிருக்க, ஆளுக்கொரு கடவுச்சொல் வழங்கும் வழக்கம் அம்முறையோடு வந்தது. அச்சொற்கள் யாவும் உள்ளபடியே ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தன. 1960களின் நடுப்பகுதியில் ஒரு நாள், பயனர்களை வரவேற்கும் அன்றாட அறிவித்தலும் கடவுச்சொற் கோப்பும் தவறுதலாக இடம்மாறிவிட்டன. அன்று கணினிக்குள் நுழைந்தவர் அனைவரின் முன்னும் எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன. சிறுவனின் புத்தகப்பைக்குள் கொப்பி போனதற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

இதற்கு ஒரு தீர்வை 1979இல் வெளியான ஆய்வுக் கட்டுரையொன்றில் றொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய இருவரும் விளக்கினர். கடவுச்சொல்லை அப்படியே வைத்திராமல், மீட்டெடுக்க இயலாதவாறு ஒருவழியாக உருமாற்றி வைத்தல் வேண்டும். உருமாற்றுமுன் எழுந்தமானமான சில எழுத்துகளை அதனோடு கலத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். இவ்வாறு கலப்பதனால், இருவர் ஒரே சொல்லைத் தெரிந்திருந்தாலும் கோப்பில் அவை வெவ்வேறாகவே தோன்றும். இக்கலவைக்கு அவர்கள் இட்ட பெயர் உப்பு. உப்பு விளையும் புத்தளத்தில் இதனை மகள் சொல்லக் கேட்ட ஆசிரியர், அன்று முதன்முறையாகச் சிரித்தார். அதே கட்டுரை மற்றொன்றையும் கூறிற்று. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 2,831, அதாவது நூற்றுக்கு 86, மிகக் குறுகியவையாகவோ அகராதியில் எளிதிற் காணத்தக்கவையாகவோ இருந்தன. பூட்டு எத்துணை வலியதாயினும் திறப்பை மனிதனே தெரிகின்றான். அவன் நினைவில் நிற்பதையே தெரிகின்றான்.

நினைவின் எல்லையை எவரும் குறைகூறுவதற்கில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு திறப்பு என்றிருந்த காலம் போய், ஒருவருக்கே ஐம்பது கதவுகள் வந்துவிட்ட பின், ஐம்பது வேறு வேறு சொற்களை மனத்தில் இருத்துமாறு கூறுவது அறிவுரையாகாது. மக்கள் இரண்டிலொன்றைச் செய்வர்: எல்லாக் கதவுகளுக்கும் ஒரே சொல்லை இடுவர், அன்றேல் கொப்பியில் எழுதுவர். கடவுச்சொற்களைச் சேமிக்கும் மென்பொருள்கள் இவ்விரண்டுக்கும் மாற்றாகவே தோன்றின. 1997இல் புரூஸ் சினையர் வடிவமைத்த ‘பாஸ்வேர்ட் சேஃப்’ அவற்றுள் முன்னோடிகளில் ஒன்று. மறைகுறியாக்கிய பெட்டகம் ஒன்று. அதற்கு ஒரு தலைமைச் சொல். உள்ளே எத்தனை சொற்களையும் வைக்கலாம். ஆயினும் பெட்டகம் தனியே ஒரு மூலையில் இருந்தது. வேலையின் நடுவே எழுந்து சென்று, அதைத் திறந்து, சொல்லை எடுத்துவந்து இடவேண்டியிருந்தது. எழுந்து செல்லச் சோம்பும் மனிதர்கள் பழைய கொப்பிக்கே திரும்பினர்.

ஆகவே பெட்டகத்தை வீட்டின் சுவருக்குள்ளேயே பதித்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. கணினியை ஏற்றியதும் திரையில் விரியும் சாளரங்கள், பட்டிகள், கோப்புறைகள் ஆகிய அனைத்தையும் சேர்த்து மேசைச்சூழல் என்பர். அச்சூழலே திறப்புகளைக் காக்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பதே அவ்வெண்ணம். அப்பிள் நிறுவனம் 1993இல் தொடங்கிப் பின்பு கைவிட்ட திறப்புக்கோர்வை, 1999இல் மக் இயக்கமுறையில் மீண்டும் இடம்பெற்றது. லினக்ஸ் கணினிகளில் கேடிஈ சூழல் 2004இல் தன் ‘குவொலட்’டைக் கொண்டுவந்தது. குனோம் சூழலும் அக்காலத்திலேயே தனக்கெனத் திறப்புக்கோர்வையொன்றை அமைத்துக்கொண்டது. ஒரு சூழலுக்கென எழுதிய செயலி மற்றொன்றின் கோர்வையைப் பயன்படுத்த இயலாதிருந்த குறையை நீக்க, 2009ஆம் ஆண்டளவில் இரு தரப்பாரும் கூடி இரகசியங்களைக் கேட்டுப்பெறும் பொது மொழியொன்றை வகுத்தனர்.

அதன் செயல்முறை விளங்குவதற்கு அரியதன்று. பயனர் காலையில் தம் சொல்லைத் தட்டி நுழைகின்றார். கதவுக்காவலன் போன்ற ஒரு பகுதி அச்சொல்லைச் சரிபார்க்கும்போதே திறப்புக்கோர்வைக்கும் அதைக் கையளிக்கின்றது. கோர்வை அச்சொல்லிலிருந்து நீண்ட திறவுகோல் எண்ணொன்றை ஆக்கி, வட்டில் மறைகுறியாக இருந்தவற்றை விடுவிக்கின்றது. பின்னர் மின்னஞ்சல் செயலி தன் கடவுச்சொல்லைப் பயனரிடம் கேட்பதில்லை. கோர்வையிடமே கேட்டுப் பெறுகின்றது. பயனர் ஒருமுறை கதவைத் திறக்கின்றார்; உள்ளறைகள் தாமே திறக்கின்றன. பாதுகாப்பு தனியொரு கடமையாக நில்லாமல் அன்றாடப் பழக்கத்துள் கரைந்துவிடுகின்றது.

மகள் அக்கணினியில் குனோம் சூழலையே நிறுவினாள். தொடக்கத்திலேயே தடைகள் எதிர்ப்பட்டன. கணினியை ஏற்றினால் சொல் கேளாமலே திரை விரியவேண்டும் என்று ஆசிரியர் நெடுநாளாக அமைத்து வைத்திருந்தார். அவ்வாறு நுழையும்போது சொல் எதுவும் தட்டப்படாமையால் கோர்வைக்குக் கொடுப்பதற்கும் எதுவும் இல்லை. கோர்வை தனியே தன் சொல்லைக் கேட்கும். அத்தொல்லையைத் தவிர்க்கப் பலர் கோர்வையின் சொல்லை வெறுமையாக விடுவதுண்டு. அப்போது உள்ளிருப்பவை மறைகுறியாக்கப்படாமல் உள்ளபடியே வட்டில் எழுதப்படும். மீண்டும் அதே கொப்பி. இம்முறை கண்ணுக்குப் புலப்படாத கொப்பி. ஆகவே தானியங்கு நுழைவு நிறுத்தப்பட்டது.

அடுத்த தடை தமிழால் வந்தது. ஆசிரியர் கடிதம் எழுதுவதற்கு ரெங்கநாதன் விசைப்பலகையைப் பயன்படுத்துவார். கடவுச்சொல் கட்டத்தில் புள்ளிகளே தோன்றுமாதலால், தமிழ் விசைப்பலகை இயங்குகின்றதா ஆங்கில விசைப்பலகை இயங்குகின்றதா என்பது தெரியாது. சரியான விசைகளைத் தட்டியும் தவறென்று மறுக்கப்பட்ட வேளைகளில் தம் நினைவையே அவர் ஐயுற்றார். தமிழிலேயே சொல்லை அமைக்கலாமே எனின், அங்கும் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியைக் கணினி ஒரே குறியாகவும் வைத்திருக்கலாம். கொம்பும் காலுமாகப் பிரித்து இரு குறிகளாகவும் வைத்திருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. இவற்றை ஒருசீராக்கியே ஒப்பிடவேண்டுமென 2017இல் வெளியான இணைய நியமமொன்று விதித்திருப்பினும், எல்லா மென்பொருள்களும் அதனைப் பின்பற்றுவதில்லை. ஆகவே தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் தட்டுவதென இருவரும் முடிவுசெய்தனர்.

இத்தடைகள் நீங்கிய பின்னரே பெருந்தடை எழுந்தது. அது ஆசிரியரின் மனத்தில் இருந்தது.

“எல்லாத் திறப்பையும் ஒரு கோர்வையில போட்டா, கோர்வை போனா எல்லாம் போகுமே மகள்?” என்று அவர் கேட்டார். பின்பு உள்ளே சென்று, றங்குப்பெட்டியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அது சோனகதெரு வீட்டின் முன்கதவுத் திறப்பு. 1990இல், இளம் ஆசிரியராக இருந்த அவரே அக்கதவைப் பூட்டினார். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணி, பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டே தெருவில் இறங்கினார். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, அத்திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் சென்றார். சுவர்கள் நின்றன. கூரை இல்லை, யன்னல்கள் இல்லை, கதவும் இல்லை. கையில் திறப்பு இருந்தது. அதை இடுவதற்கு இடமில்லை. அன்று தொட்டு ஒரே பூட்டை நம்புவது அவருக்கு இயலாததாயிற்று.

மகள் உடனே மறுமொழி கூறவில்லை. கணினியியற் பாடத்தில் அக்கேள்விக்கு ஆயத்தமான விடை ஒன்றும் இருக்கவில்லை. திறப்பிருந்தும் கதவில்லாமற் போனது தந்தையின் துயரம். கணினியில் நேர்வது அதன் மறுதலை: கதவு அப்படியே நிற்கும், திறப்பு மாத்திரம் மறைந்துபோகும். தலைமைச் சொல்லை மறந்தவருக்குக் கோர்வை இரங்குவதில்லை. நிர்வாகி பயனரின் நுழைவுச்சொல்லைப் புதிதாக மாற்றிக் கொடுத்தாலும், கோர்வை பழைய சொல்லையே கேட்டு நிற்கும். எவரும் உடைக்க முடியாமை அதன் சிறப்பு. உரியவரும் உடைக்க முடியாமை அதன் கொடுமை.

மற்றொரு குறையையும் அவள் மறைக்கவில்லை. கோர்வை திறந்திருக்கும் வேளையில், அதே பயனரின் பெயரில் இயங்கும் எந்தச் செயலியும் உள்ளிருப்பவற்றைக் கேட்டுப்பெறக்கூடும். நல்ல செயலி, தீய செயலி என்ற வேறுபாட்டை அது நன்கு அறியாது. திருடப்பட்ட கணினியிலிருந்து அது திறப்புகளைக் காக்கும். திறந்த கணினியின் முன் அமர்ந்திருக்கும் அந்நியரிடமிருந்து காப்பாற்றாது. விறாந்தையில், ஊரார் வந்துபோகும் இடத்தில் இருக்கும் கணினிக்கு இது சிறிய குறையன்று. எழுந்து செல்லும்போதெல்லாம் திரையைப் பூட்டும் பழக்கம் வேண்டும். அயலவர்களின் சொற்களுக்கு வேறொரு சொல்லால் பூட்டிய தனிக்கோர்வை வேண்டும் என்றாள். மென்பொருள் அதற்கு இடமளிக்கின்றது.

அப்போதுதான் ஆசிரியர் தம் வாழ்நாட் பழக்கத்துக்கே மாறான ஒன்றைச் சொன்னார். “தனிக்கோர்வை எதுக்கு? அவங்கட திறப்ப அவங்ககிட்டயே குடுத்துருவம்.”

இச்சிக்கலின் மையம் அவ்வாக்கியத்தில் அடங்கியிருந்தது. திறப்புகளை எங்கே வைப்பது என்பதற்கு மென்பொருள் விடைகூறும்; அவை யாருடையவை என்பதற்கு அது விடைகூறாது. இலங்கைப் பாராளுமன்றம் 2022இல் நிறைவேற்றிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரைப் பற்றிய தரவின்மேல் அவருக்கே உரிமைகள் உண்டு என்ற அடிப்படையிலேயே எழுந்தது. ஆசிரியர் சட்டத்தை எண்ணிச் சொன்னாரல்லர். பிறர் பொருளைக் காப்பவன் உரியவேளையில் அதை உரியவரிடம் சேர்க்கவேண்டும் என்ற அமானிதக் கடமையே அவரை அவ்வாறு சொல்லவைத்தது. நாற்பது குடும்பங்களின் திறப்புகளை வைத்திருத்தல் தொண்டு என்று அவர் எண்ணியிருந்தார். அத்தொண்டு அவர்களை என்றும் தம் வாசலில் நிற்கவைத்தது என்பதை அம்மூன்று இரவுகளில் உணர்ந்திருந்தார்.

அடுத்த வாரங்களில் அயலவர் ஒருவர்பின் ஒருவராக அழைக்கப்பட்டனர். நினைவில் நிற்கும், ஆயினும் பிறர் ஊகிக்கவியலாத சொற்றொடரை ஆக்குவது எவ்வாறு? குறளொன்றைத் தெரியலாம் என்பது ஆசிரியரின் முதல் எண்ணம். குறள்கள் 1,330 மாத்திரமே. அத்தனையையும் கணினி ஒரு நொடியில் இட்டுப் பார்த்துவிடும் என்றாள் மகள். பலரறிந்த பாடல் எதுவும் மறைபொருளாகாது. 1995இல் ஆர்னல்ட் றைன்ஹோல்ட் என்பார், தாயக்கட்டையை உருட்டி 7,776 சொற்கொண்ட பட்டியலிலிருந்து சொற்களைத் தெரியும் முறையொன்றை வகுத்திருந்தார். தாயக்கட்டையை வீட்டுக்குள் கொண்டுவர ஆசிரியர் விரும்பவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று முதல் ஆறு வரை எழுதிய ஆறு கடதாசித் துண்டுகள் ஒரு தகரப்பேணியில் இடப்பட்டன. ஒன்றை எடுத்து, எண்ணைக் குறித்து, மீண்டும் போட்டுக் குலுக்கவேண்டும். நான்கு முறை எடுத்தால் 1,296 சொற்களுள் ஒன்று கிடைக்கும். அந்த 1,296 தமிழ்ச் சொற்களையும் ஆசிரியரே எழுதினார்: உப்பு, ஓலை, தோணி, பனாட்டு, களப்பு என்று ஊரும் வீடும் சார்ந்த சொற்கள். ழகரத்துக்கு ‘இசட்’, ‘எச்’ என்னும் ஈரெழுத்தா, ‘எல்’ என்னும் ஓரெழுத்தா என்பதற்கும் விதி வகுத்தார். ஏழு சொற்களை இவ்வாறு எடுத்தால் அமையக்கூடிய தொடர்களின் தொகை, 6க்குப் பின் 21 பூச்சியங்கள் இடத்தக்க பேரெண். பட்டியல் வெளியே தெரிந்தாலும் கேடில்லை, குலுக்கலே காவல்.

சிலர் மறுத்தனர். வேறு சிலர் வருந்தினர். “எங்கள நம்பாமப் போயிட்டீங்களா சேர்?” என்று ஒரு தாய் கேட்டார். நம்புவதனாலேயே திருப்பிக் கொடுப்பதாக அவருக்கு விளக்கவேண்டியிருந்தது. இயலாத முதியோர் ஐவரின் சொற்கள் மாத்திரம், அவர்தம் பிள்ளைகளின் சம்மதத்தோடு, தனிக்கோர்வையில் வைக்கப்பட்டன. கோர்வையின் தலைமைச் சொற்றொடர் ஒரு கடதாசியில் எழுதப்பட்டு, உறையிலிட்டு ஒட்டப்பட்டு, சோனகதெரு வீட்டின் திறப்போடு அதே றங்குப்பெட்டியுள் சென்றது. தந்தைக்குப்பின் அதைத் திறக்கவேண்டியவள் மகள் என்பதும் அவ்வேளையில் பேசி முடிவாயிற்று. மனிதரின் ஆயுளும் நினைவும் நிலையற்றவை என்பதை எந்தக் கோர்வையும் மாற்றிவிடுவதில்லை. ஆதலால் ஒரு வரிக் கடதாசி வேண்டியே இருக்கின்றது. நாற்பது குடும்பங்களின் கொப்பி ஒரு வரியாகச் சுருங்கியதே அக்கணினி செய்த உதவி.

பழைய கொப்பி எரிக்கப்பட்டது. மகள் பல்கலைக்கழகம் திரும்பினாள். தில்லையடி விறாந்தைக்கு அயலவர் இன்றும் படிவங்களோடு வருகின்றனர். ஆசிரியர் பக்கத்தைத் திறந்து கொடுத்து, பெயரையும் முகவரியையும் நிரப்ப உதவுகின்றார். கடவுச்சொல் கட்டம் வந்ததும் விசைப்பலகையை வந்தவர் பக்கம் தள்ளிவைத்து, கதிரையைத் திருப்பி முற்றத்து முருங்கையைப் பார்த்து அமர்ந்துகொள்கின்றார். அவருக்குப் பின்னால், பழக்கமற்ற விரல்கள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டும் ஓசை நெடுநேரம் கேட்கின்றது. அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.